பழைய பிக்கப்பின் ஷொக் அப்சோபர்: பார்த்து அறிவதும் மாற்றுவதும்

வன்னிப் பெருநிலப்பரப்பில் பழைய பிக்கப் வாகனங்கள் ஆற்றிவரும் பணி பெரியது. நெல்லும் உழுந்தும் நிலக்கடலையும் சந்தைக்குப் போவது இவற்றில்தான். முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன்பெட்டிகள் ஏறுவதும், கோடையில் தண்ணீர்த் தாங்கி ஏறுவதும், செத்தவீட்டுக்குக் கதிரையும் பந்தற் தகரமும் ஏறுவதும் இவற்றில்தான். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கப்படும் இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை 2018 யூலையில் வடக்குக்கும் விரிவாக்கப்பட்டது. அது மக்களுக்குப் பெரிய ஆறுதல். ஆயினும் பிரதான வீதியை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் குடியிருப்புகளில், நடுச்சாமத்தில் ஒரு தாய்க்கு வலி கண்டால், முதலில் தட்டி எழுப்பப்படுபவர் அயலில் பிக்கப் வைத்திருப்பவரே.

இந்த வாகனங்களுட் பல 20, 30 வயதைத் தாண்டியவை. ரொயோட்டா ஹைலக்ஸ், மிற்சுபிசி எல்200, இசுசு, நிசான் என்று பெயர்கள் வேறுபட்டாலும் இவற்றின் அடிப்பகுதி அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். 2020 மார்ச்சில் நாட்டுக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களை இறக்குமதி செய்ய மீண்டும் அனுமதி வந்தாலும், வரியோடு சேர்ந்த விலை எமது கமக்காரர்களின் கைக்கு எட்டும் விலையாக இல்லை. ஆகவே இருக்கின்ற வாகனத்தைப் பேணிப் பாதுகாப்பதே எமக்குள்ள வழி.

எஞ்சின் ஒயிலை நேரத்துக்கு மாற்றுகிறவர்கள் எம்மிடையே பலர் உள்ளனர். பிறேக்கையும் பலர் கவனிக்கிறார்கள். ஆனால் ஷொக் அப்சோபரைப் பற்றி நினைப்பவர்கள் குறைவு. அது பழுதானாலும் வாகனம் ஓடும். சத்தம் கேட்டாலும் ‘வீதிதானே சரியில்லை’ என்று வீதியின் மேல் பழியைப் போட்டுவிடலாம். இந்தக் கவனக்குறைவினால் வரும் இழப்பு என்ன, தேய்ந்த ஷொக்கை எப்படி அறிவது, எப்படி மாற்றுவது என்பவற்றை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஷொக் அப்சோபர் செய்வது என்ன?

‘அதிர்வுதாங்கி’ என்று இதைத் தமிழில் எழுதுகிறோம். உண்மையில் அதிர்வை முதலில் தாங்குவது ரயர். அடுத்ததாகத் தாங்குவது வில்லு. கிடங்கில் சக்கரம் விழுந்தெழும்போது வில்லு வளைந்து அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. ஆனால் வாங்கிய சக்தியை வில்லு வைத்திருப்பதில்லை. உடனே திருப்பித் தள்ளுகிறது. தள்ளியதும் வாகனம் மேலே எழும்பும், பின் கீழே அமரும், மறுபடி எழும்பும். பிள்ளைகளை ஊஞ்சலில் இருத்தி ஒருதரம் தள்ளிவிட்டால் அது பலதரம் ஆடுவதைப் போன்றது இது. இந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷொக் அப்சோபரின் வேலை.

எப்படி அடக்குகிறது? சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்து, காற்று வெளிவரும் துவாரத்தை விரலால் அரைவாசி மூடிக்கொண்டு அழுத்திப் பாருங்கள். மெதுவாக அழுத்தினால் பம்ப் இறங்கும். வேகமாக அழுத்தினால் எதிர்க்கும். ஷொக்கினுள் காற்றுக்குப் பதிலாக ஒயில் இருக்கிறது. இரும்புக் குழாயினுள் ஒரு பிஸ்ரன் மேலும் கீழும் ஓடுகிறது. அந்தப் பிஸ்ரனில் சிறு துவாரங்களும், அவற்றை மூடித் திறக்கும் மெல்லிய வால்வுகளும் உள்ளன. பிஸ்ரன் அசையும்போது ஒயில் அந்தச் சிறு துவாரங்களுக்குள்ளால் நெருக்கித் தள்ளப்படுகிறது. இந்த நெருக்கத்தில் ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிக் குழாயின் வெளிப்புறத்தால் காற்றிற் கலந்துவிடுகிறது. வேலை செய்யும் ஷொக் சூடாக இருப்பது இதனால்தான்.

பெரும்பாலான ஷொக்குகள் அமுங்கும்போது காட்டும் எதிர்ப்பிலும் பார்க்க நீளும்போது காட்டும் எதிர்ப்பு அதிகமாக இருக்கும்படி செய்யப்பட்டிருக்கின்றன. சக்கரம் மேட்டில் ஏறும்போது இலகுவாக விட்டுக்கொடுத்து, பின்னர் வில்லு உதைத்து நீளும்போது இழுத்துப் பிடிப்பதே நோக்கம்.

ஷொக்குகளில் இரு வகைகள் கடையில் கிடைக்கும். ஒன்று ஒயில் மட்டும் உள்ளது. மற்றது ஒயிலோடு நைதரசன் வாயுவும் அழுத்தி அடைக்கப்பட்டது. கிரவல் வீதியில் நீண்ட நேரம் ஓடும்போது ஒயில் கலங்கி நுரைத்துப்போகும். நுரைத்த ஒயில் துவாரத்தினூடாக எதிர்ப்பின்றிப் பாய்வதால் ஷொக் தற்காலிகமாகச் செயலிழக்கும். வாயுவின் அழுத்தம் இந்த நுரைப்பைக் குறைக்கிறது. வாயு அடைத்த ஷொக்கைப் பிரெஞ்சுப் பொறியியலாளரான டி கார்பொன் 1950களில் உருவாக்கினார். இன்று சாதாரண வாகனங்களிலும் இவ்வகை பரவலாகப் பொருத்தப்படுகிறது.

எமது வீதிகளும் ஷொக்கின் ஆயுளும்

2009இன் பின்னர் ஏ9, ஏ32 போன்ற பிரதான வீதிகள் காபெற் வீதிகளாகத் திருத்தப்பட்டன. ஆனால் எமது வயல்களும் குளக்கட்டுகளும் வீடுகளும் பிரதான வீதியில் இல்லை. அங்கிருந்து உள்ளே போகும் கிரவல் வீதிகளில் மழைக்குக் கிடங்கும் கோடைக்கு வரிவரியான மேடுபள்ளமும் மாறிமாறி வருகின்றன. மாரியில் கிடங்கு நிறையத் தண்ணீர் நிற்பதால் ஆழம் தெரியாது. கோடையில் செம்மண் தூசி ஷொக்கின் தண்டில் ஒட்டி, உள்ளே ஒயிலைத் தடுத்து நிற்கும் றப்பர் சீலை அராவிவிடும்.

தகரக் கூரைபோல வீதியில் விழும் வரிகளைப் பற்றி ஒரு செய்தி அறியத்தக்கது. தேய்ந்த ஷொக் உள்ள வாகனங்கள் துள்ளி ஓடுவதால்தான் இந்த வரிகள் உண்டாகின்றன என்று பலர் நினைப்பதுண்டு. பிரான்ஸ், கனடா, பிரித்தானியா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. வில்லோ ஷொக்கோ இல்லாத வெறும் சக்கரத்தை மணலில் ஓடவிட்டாலும், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வரிகள் தாமாகவே உண்டாகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். ஆகவே கிரவல் வீதி உள்ளவரை வரியும் இருக்கும். அதைத் தாங்கிப்போகும் நிலையில் வாகனத்தை வைத்திருப்பதே எமது பொறுப்பு.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் எரிபொருளும் வாகன உதிரிப்பாகங்களும் வன்னிக்கு வருவது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. பெற்றோலில் எஞ்சினை இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. பழைய ரயரை வெட்டிப் புஸ் செய்தும், ஒயில் வடிந்த ஷொக்கில் கிடைத்த ஒயிலை நிரப்பியும் எமது மெக்கானிக்குகள் வாகனங்களை ஓடவைத்தார்கள். அந்தக் கைத்திறன் மதிக்கத்தக்கது. ஆனால் இல்லாத காலத்துக்கு ஏற்ற வைத்தியத்தை, பொருள் கிடைக்கும் காலத்திலும் தொடர்வது சரியல்ல. கியர் ஒயில் போன்ற தடித்த ஒயிலை நிரப்பிய ஷொக் விட்டுக்கொடுக்காது. சக்கரத்துக்கு விழும் அடி அப்படியே சசியில் உள்ள பிடிமானத்துக்குப் போய் அதை வெடிக்கச் செய்யும்.

தேய்ந்த ஷொக்கினால் வரும் இழப்பு

முதலாவது உயிராபத்து. பிறேக் பிடிக்கும்போது வாகனத்தை நிறுத்துவது ரயருக்கும் வீதிக்கும் இடையிலுள்ள பிடிப்பு. சக்கரம் துள்ளிக்கொண்டிருந்தால் அது வீதியைத் தொடாத கணங்களில் பிறேக்கினால் பயன் இல்லை. எனவே வாகனம் நிற்பதற்கு எடுக்கும் தூரம் கூடுகிறது. மைம்மல் பொழுதில் வீதியில் மாடுகள் படுத்திருப்பதும், காட்டோரத்தில் யானை குறுக்கிடுவதும் எமது பகுதியில் புதினமல்ல. ஈரமான வீதியில், பாரத்தோடு வரும் பழைய பிக்கப்புக்கு அந்தச் சில யார் தூரம் ஓர் உயிரின் விலையாகலாம். வளைவில் வாகனம் ஒரு பக்கம் சரிவதும், பின்பகுதி வழுக்கி விலகுவதும் இதே காரணத்தால் நிகழ்கின்றன.

இரண்டாவது, ஏறிப்போகும் ஆட்களுக்கு உண்டாகும் துன்பம். பின்தட்டில் இருந்து பயணம் செய்யும் கூலித்தொழிலாளருக்கு முள்ளந்தண்டில் அடி விழுகிறது. கர்ப்பிணித் தாய்க்கும், எலும்பு முறிந்தவருக்கும், சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்புபவருக்கும் ஒவ்வொரு கிடங்கும் ஒரு வேதனை. போரில் காயப்பட்டு உடலில் இரும்புத் துண்டுகளோடு வாழ்பவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

மூன்றாவது பொருள் நட்டம். தக்காளி நசிகிறது, பப்பாசி கண்டிப்போகிறது, முட்டை உடைகிறது, தயிர்ச் சட்டி வெடிக்கிறது. நசிந்த பொருளுக்குச் சந்தையில் விலை இல்லை. இந்த நட்டத்தை ‘ஏற்றுமதி இறக்குமதியில் போனது’ என்று கமக்காரர் கணக்கில் விட்டுவிடுகிறார். அதன் காரணம் வாகனத்தின் அடியில் இருக்கிறது.

நான்காவது வாகனத்துக்கு ஏற்படும் சேதம். ரயர் ஒரே சீராகத் தேயாமல் இடையிடையே குழி விழுந்ததுபோலத் தேய்கிறது. பிறகு சில்லுப் பெயரிங், ஸ்ரியறிங் மூட்டுகள், வில்லுத் தகடுகள், சசியின் பிடிமானங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகின்றன. 2022 பொருளாதார நெருக்கடியில் டொலரின் பெறுமதி 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியதன் பின் இறக்குமதி உதிரிப்பாகங்களின் விலை எப்படி உயர்ந்தது என்பதை வாகனம் வைத்திருப்போர் அறிவர். ஷொக் மாற்றாமல் மிச்சம்பிடித்த காசு ரயரிலும் பெயரிங்கிலும் இரட்டிப்பாகப் போய்விடும்.

தேய்ந்ததை அறிவது எப்படி?

கீழ்வரும் சோதனைகளுக்குக் கருவி எதுவும் தேவையில்லை.

1. ஒயில் கசிவு. வாகனத்தின் அடியில் பார்த்து ஷொக்கின் உடலைத் தடவிப் பாருங்கள். மேற்பகுதியில் மெல்லிய எண்ணெய்ப் படலமும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் பயப்படத் தேவையில்லை. ஒயில் ஈரமாக வழிந்து கீழ்வரை இறங்கியிருந்தால் அந்த ஷொக் முடிந்துவிட்டது.

2. அமுக்கிப் பார்த்தல். வாகனத்தின் ஒரு மூலையை உடற்பாரம் முழுவதையும் கொடுத்து இரண்டு மூன்று தரம் அமுக்கி, விட்டுவிடுங்கள். ஒருமுறை எழும்பி அமர்ந்து நின்றால் நல்லது. தொடர்ந்து ஆடினால் ஷொக் தேய்ந்துள்ளது. ஆனால் பிக்கப்பின் பின்பக்க வில்லு கடினமானது. வெறும் வாகனத்தில் அது அசையவே மாட்டாது. ஆகவே பின்பக்கத்துக்கு இந்தச் சோதனையை மட்டும் நம்பக்கூடாது.

3. சூடு பார்த்தல். கிரவல் வீதியில் 10, 15 கி.மீ. ஓடி வந்ததும் வாகனத்தை நிறுத்தி, எஞ்சினை நிற்பாட்டி, நான்கு ஷொக்குகளையும் ஒவ்வொன்றாகக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். புகைபோக்கிக் குழாயில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று சூடாகவும் ஒன்று குளிர்ந்தும் இருந்தால், அந்தக் குளிர்ந்தது வேலை செய்யவில்லை.

4. ரயர். உள்ளங்கையை ரயரின் ஓடுபரப்பில் சுற்றிவரத் தடவுங்கள். மேடும் குழியுமாக அலைபோலத் தட்டுப்பட்டால் ஷொக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

5. ஓட்டத்தில் தெரியும் குறிகள். பிறேக் பிடிக்கும்போது மூக்குக் குத்துவது, வெறும் வாகனத்தின் பின்பகுதி மதகு ஏறி இறங்கும்போது பக்கவாட்டில் எட்டி விழுவது, நேர் வீதியிலும் ஸ்ரியறிங்கை ஓயாமல் திருத்த வேண்டியிருப்பது என்பன குறிகள்.

6. தட்டும் சத்தம். சிறு மேட்டிலும் ‘டொக் டொக்’ என்று கேட்டால் ஷொக்கின் இரு முனைகளிலுமுள்ள றப்பர் புஸ் தேய்ந்திருக்கலாம். சில வேளை புஸ்ஸை மட்டும் மாற்றினாலே போதும்.

தண்டு வளைந்திருந்தாலோ, உடற்குழாய் கல் பட்டு நெளிந்திருந்தாலோ மேற்கொண்டு யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

எப்போதும் சோடியாக வாங்குங்கள். முன்னுக்கு இரண்டு அல்லது பின்னுக்கு இரண்டு. ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் வாகனம் ஒரு பக்கம் இழுக்கும். காசு முழுவதும் கையில் இல்லையென்றால் முதலில் ஒரு சோடியையும், அடுத்த அறுவடையில் மற்றச் சோடியையும் மாற்றலாம்.

வாகனத்தின் பெயரை மட்டும் சொல்லி வாங்கக்கூடாது. ஒரே ஹைலக்ஸிலும் இரு சக்கர இயக்கத்துக்கும் நான்கு சக்கர இயக்கத்துக்கும் ஷொக் வேறு. சசி இலக்கத்தையும் தயாரித்த ஆண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் கழற்றிய பழையதையும் கொண்டு போங்கள். முழுதாக நீட்டிய நீளம், முழுதாக அமுக்கிய நீளம், போல்ட் போகும் கண்ணின் விட்டம் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். பாரத்துக்காக வில்லுத் தகடு கூட்டி உயர்த்தப்பட்ட வாகனமென்றால் அதைக் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். நீளம் போதாத ஷொக், சக்கரம் கீழிறங்கும் ஒவ்வொரு தரமும் இழுபட்டு விரைவில் அறுந்துவிடும்.

பழைய வாகனத்திலிருந்து கழற்றிய ‘றீகண்டிசன்’ ஷொக்கை வாங்குவது இலாபமல்ல. வெளியே வர்ணம் பூசப்பட்டிருந்தாலும் உள்ளேயுள்ள சீலும் வால்வும் எவ்வளவு உழைத்தவை என்பது எவருக்கும் தெரியாது. பேர்பெற்ற கம்பனியின் பெட்டியில் போலிப் பொருள் வருவதும் உண்டு. பெட்டியிலுள்ள இலக்கமும் ஷொக்கின் உடலிலுள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள். புது றப்பர் புஸ்களும் வாஷர்களும் நட்டுகளும் பெட்டிக்குள் உள்ளனவா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

மாற்றும் முறை: ஆயத்தம்

வேலை செய்யும் இடம் சமதரையாகவும் இறுகிய நிலமாகவும் இருக்க வேண்டும். மாரியில் ஊறிய நிலத்தில் ஜக் புதைந்து சரியும். தவிர்க்க முடியாதென்றால் ஜக்கின் கீழ் தடித்த பலகை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வாகனத்தின் கீழ் போகக்கூடாது. இரும்புத் தாங்கிகளை வையுங்கள். அவை இல்லாவிட்டால் அகலமான உறுதியான மரக்குற்றிகளைக் குறுக்குநெடுக்காக அடுக்குங்கள். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் எச்சரிக்கையின்றி வெடித்து நொறுங்குபவை. அவற்றை வைக்கவே கூடாது.

முதல் நாளே போல்ட்களையும் நட்டுகளையும் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, துருவிளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். அது இல்லாவிட்டால் மண்ணெண்ணெயில் கொஞ்சம் எஞ்சின் ஒயில் கலந்து விடலாம். துருவேறிய நட்டை மூர்க்கமாகத் திருகினால் சசியோடு பொருத்திய முளையே முறிந்துவிடும். பிறகு சிறு வேலை பெரிய வேலையாகிவிடும். அசையாத நட்டை அரிவாளால் (இரும்பு அறுக்கும் வாளால்) அறுத்து எடுக்கலாம். காஸ் சுவாலையால் ஷொக்கைச் சூடாக்குவது ஆபத்து. உள்ளேயுள்ள ஒயிலும் வாயுவும் சூடேறி வெடிக்கக்கூடும்.

ஒயில் மட்டும் உள்ள புது ஷொக் கடையில் படுத்த நிலையில் கிடந்திருக்கும். அதனால் உட்குழாயில் காற்றுப் புகுந்திருக்கும். பொருத்த முன்னர் அதைத் தண்டு மேலிருக்க நிமிர்த்திப் பிடித்து, முழுதாக நீட்டி, முழுதாக அமுக்கி, நான்கைந்து தரம் இப்படிச் செய்ய வேண்டும். வெறும் ஓட்டம் நின்று எதிர்ப்பு ஒரே சீராக வந்தால் காற்று வெளியேறிவிட்டது. வாயு அடைத்தது கட்டுப்பட்டியால் அமுக்கிக் கட்டப்பட்டு வரும். கட்டை வெட்டியதும் அது தானாகவே நீளும். ஆகவே முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு, ஒரு முனையைப் பொருத்திய பின்னரே வெட்டுங்கள்.

பின்பக்கம்

1. வாகனத்தை முதலாம் கியரில் விட்டு, முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்து அடையுங்கள். கைப்பிறேக் பின் சக்கரங்களையே பிடிக்கிறது. பின்பக்கத்தை உயர்த்தினால் கைப்பிறேக்கும் கியரும் வாகனத்தைப் பிடித்து வைக்கமாட்டா, கட்டைகள்தான் காவல்.

2. பின் அச்சின் கீழ் ஜக்கைக் கொடுத்து உயர்த்தி, அச்சின் இரு பக்கத்திலும் தாங்கி வையுங்கள். அச்சில் தாங்கி நிற்பதால் வில்லு வழமைபோலப் பாரத்தோடு இருக்கும். இது பின்னர் உதவும்.

3. ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறு பக்கத்தைத் தொடுங்கள். ஐயம் வந்தால் கழற்றாத பக்கத்தைப் பார்த்துத் தெளியலாம். வாஷரும் புஸ்ஸும் எந்த ஒழுங்கில் வந்தன, வாஷரின் குழிந்த பக்கம் எதை நோக்கியிருந்தது என்று ஒரு தாளில் கீறி வையுங்கள்.

4. கீழ் நட்டைக் கழற்றி, பின் மேல் நட்டைக் கழற்றிப் பழையதை எடுங்கள். புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பிடிமானத்தில் வெடிப்பு உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் ஒட்டுவேலை முடித்த பின்பே புதியதைப் பொருத்த வேண்டும்.

5. புது ஷொக்கின் மேல் முனையை முதலில் கொழுவி, பின் கீழ் முனையைக் கொழுவுங்கள். றப்பர் புஸ் இறுக்கமாக இருந்தால் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். கிறீஸும் ஒயிலும் பூசக்கூடாது. றப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

6. வில்லு பாரத்தோடு இருக்கும் இந்த நிலையிலேயே கடைசி இறுக்கத்தைக் கொடுங்கள். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வாகனத்தை இறக்கியதும் புஸ் முறுக்குண்டு சில மாதங்களிலேயே கிழிந்துவிடும்.

பல பழைய ரொயோட்டா பிக்கப்களில் பின் அச்சுக்கும் சசிக்கும் இடையே ஒரு மெல்லிய கம்பி இருக்கும். பாரத்துக்கு ஏற்பப் பின் பிறேக்கின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் வால்வின் கம்பி அது. வேலை செய்யும்போது அதை வளைத்துவிடக்கூடாது, கழற்றவும் கூடாது.

முன்பக்கம்

இரு சக்கர இயக்கமுள்ள பழைய பிக்கப்களிற் பலவற்றில் முன்பக்க வில்லாக நீண்ட முறுக்குக் கம்பி உள்ளது. ஷொக் தனியே நிற்கிறது. இதை வீட்டிலேயே மாற்றலாம். முறுக்குக் கம்பியைச் சரிசெய்யும் போல்ட்டை மட்டும் தொடாதீர்கள்.

கைப்பிறேக்கைப் பிடித்து, பின் சக்கரங்களை அடைந்து, முன்பக்கத்தை உயர்த்திச் சசியின் கீழ் தாங்கி வையுங்கள். சக்கரத்தைக் கழற்றி, கீழ்க்கையின் அடியில் இன்னொரு ஜக்கை வைத்துச் சற்று உயர்த்துங்கள். இதனால் ஷொக்கைக் கழற்றும்போது கை திடீரெனக் கீழே விழாது. மேல் நட்டைத் திருகும்போது தண்டும் சேர்ந்து சுற்றும். தண்டின் நுனியிலுள்ள தட்டையான பகுதியைச் சிறிய ஸ்பானரால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருக வேண்டும். பின் கீழ் போல்ட்டை எடுத்து, ஷொக்கை அமுக்கி வெளியே எடுங்கள். புதியதைப் பொருத்தும்போது மேல் நட்டை றப்பர் வாஷரின் அகலத்துக்குப் பிதுங்கும்வரை இறுக்கினால் போதும், நசியும்வரை இறுக்கக்கூடாது. பூட்டு நட்டு இருந்தால் அதையும் போடுங்கள். வாகனக் கைநூலில் இறுக்கத்தின் அளவு தரப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கண்ணுள்ள கீழ் போல்ட்டைச் சக்கரம் நிலத்தில் நின்ற பின் கடைசியாக இறுக்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. 2005ஆம் ஆண்டளவில் வந்த ஹைலக்ஸ் வீகோ போன்ற பின்னைய வாகனங்களில் முன் ஷொக்கைச் சுற்றிச் சுருள் வில்லு அமுக்கிப் பூட்டப்பட்டிருக்கிறது. தகுந்த அமுக்கும் கருவி இல்லாமல் அதன் மேல் நட்டைக் கழற்றினால் வில்லு குண்டுபோல எகிறும். அந்த வேலையைக் கருவியுள்ள கராஜில் மட்டுமே செய்விக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பிறேக் குழாயோ வயரோ ஷொக்கில் உரசுகிறதா என்று பார்த்து, சில கி.மீ. மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு வாரத்தின் பின் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்ப்பது அவசியம். கழற்றிய பழைய ஷொக்கின் ஒயிலைக் கிணற்றடியிலோ குளக்கரையிலோ ஊற்றக்கூடாது. பழைய இரும்பு வாங்குவோருக்குக் கொடுக்கும்போது, வாயு அடைத்ததென்றால் வெட்டுவதில் ஆபத்துண்டு என்று சொல்லியே கொடுங்கள்.

ஷொக் தீர்க்காத குறைகள்

புது ஷொக் போட்டும் வாகனம் தாழ்ந்து நின்றால் அது ஷொக்கின் குற்றமல்ல. பாரத்தைச் சுமப்பது வில்லு. வில்லுத் தகடு தளர்ந்திருக்கலாம் அல்லது முறிந்திருக்கலாம். ஸ்ரியறிங் ஆடினால் மூட்டுகளைப் பார்க்க வேண்டும். ரயரில் காற்று அளவுக்கு மிஞ்சினாலும் வாகனம் துள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தொன் ஏற்றவென்று செய்த வாகனத்தில் இரண்டு தொன் ஏற்றினால் எந்தக் கம்பனியின் ஷொக்கும் தாக்குப்பிடிக்காது.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

கமக்காரர் அமைப்புகள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றிடம் வாகனங்கள் உள்ளன. உதவி நிறுவனங்கள் வாகனத்தைத் தரும். அதன் பத்தாவது ஆண்டுப் பராமரிப்புக்குக் காசு தருவதில்லை. வாகனம் எல்லோருக்கும் சொந்தம் என்பதால் எவரும் அடியில் குனிந்து பார்ப்பதுமில்லை. இந்நிலையை மாற்ற இரண்டு சிறு வழிகள் உண்டு.

முதலாவது ஒரு கொப்பி. மாற்றிய பாகம், திகதி, அப்போதைய கி.மீ. வாசிப்பு, விலை, வேலை செய்தவர் என ஐந்து நிரல்கள் போதும். சாரதி மாறினாலும் தலைவர் மாறினாலும் கொப்பி மாறாது.

இரண்டாவது தேய்மான நிதி. உதாரணமாக நான்கு ஷொக்குகளுக்கு 60,000 ரூபா செலவாகுமென்றும், அவை எமது வீதியில் 40,000 கி.மீ. உழைக்குமென்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கி.மீ.க்கு 1 ரூபா 50 சதம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போய்வரும் ஓர் ஓட்டத்துக்கு இது 150 ரூபாவைச் சற்றுத் தாண்டும். உங்கள் கடையின் விலையையும், உங்கள் கொப்பி காட்டும் கி.மீ. அளவையும் போட்டு இக்கணக்கை நீங்களே செய்யுங்கள். ஓட்டக் கூலியிலிருந்து அந்தத் தொகையை அன்றன்றே ஒதுக்கினால், மாற்ற வேண்டிய நாளில் கடன் தேடி அலைய வேண்டியதில்லை.

ஒவ்வொரு ஆண்டும் காலபோக விதைப்புத் தொடங்கமுன், அதாவது மாரி மழை வீதியை உடைக்கமுன், ஒரு நாளைக் குறியுங்கள். ஊரிலுள்ள பிக்கப்களையும் பட்டா வாகனங்களையும் ஓரிடத்தில் நிறுத்தி, மேலே சொன்ன ஆறு சோதனைகளையும் செய்து பாருங்கள். ஊர் மெக்கானிக்கை அழைத்து அவருக்குரிய கூலியைக் கொடுங்கள். இளைஞர்களை அருகில் வைத்துப் பழக்குங்கள். அரை நாள் வேலைதான். அந்த மாரியில் ஏதோவோர் இரவில் அவசரமாக ஆஸ்பத்திரிக்கு ஏற்றப்படும் ஒருவருக்கு அதன் பயன் கிடைக்கும்.